முதல்மொழி எனும் மதிப்பெண்: பள்ளித் தேர்வுகளில் மொழிகளின் தகுதியும் அதன் விளைவுகளும்

1. தோற்றுவாய்

பெங்களூருவிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கல் வட்டத்தில், பொம்மசந்திரா என்னும் ஊர் அமைந்துள்ளது. தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற இவ்வூர், 2025 ஆகஸ்டு முதல் பெங்களூரு மெட்ரோ இரயிலின் மஞ்சள் தடத்திற்கு இறுதி நிலையமாகவும் விளங்குகிறது. இங்கிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து ஓசூரை அடைய இருபது கிலோமீட்டர்கூட இல்லை. இச்சாலையை ஒட்டிய ஊர்களில் கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மொழிகள் நெடுங்காலமாக ஒருங்கே வழங்கி வருகின்றன. தொழிற்சாலைகள் பெருகிய பின்னர் இந்தி, ஒடியா, வங்காளம் முதலியனவும் இவற்றோடு சேர்ந்தன.

கடைத்தெருவிலும் தொழிற்கூடத்திலும் இம்மொழிகள் ஒன்றோடொன்று கலந்தே புழங்குகின்றன. அங்கு எந்த மொழி முதலாவது, எது இரண்டாவது என எவரும் வினவுவதில்லை. அவ்வினா எழும் இடம் பள்ளியிறுதித் தேர்வின் விண்ணப்பப் படிவமே. அங்கு ஒரு மாணவனின் மொழிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. வரிசைக்கேற்ப மதிப்பெண் பகிரப்படுகிறது. நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் பயணம் செய்து மாநில எல்லையைத் தாண்டினால் அதே மொழிகள் வேறொரு வரிசையில் நிற்பதைக் காணலாம்.

தேர்வு மாணவனின் அறிவை அளக்கும் கருவி என்பது பொதுவான கருத்து. அளவீட்டியல் அறிஞர் சாமுவேல் மெசிக் 1989-இல் எழுதிய புகழ்பெற்ற இயலில், ஒரு தேர்வின் ஏற்புடைமையை ஆராயுங்கால் அதன் சமூக விளைவுகளையும் சேர்த்தே ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். எலானா ஷோஹாமி 2001-இல் வெளியிட்ட நூலில், மொழித் தேர்வுகள் அதிகாரத்தின் கருவிகளாகச் செயற்படும் முறையை விரித்துரைத்தார். இவ்விருவர் கருத்துகளின் அடிப்படையில், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நிகழ்ந்த சில தேர்வு வழக்குகளை இக்கட்டுரை திறனாய்கிறது. மொழிகளுக்குப் படிநிலை வழங்கும் அதிகாரம் தேர்வுக்கு உண்டு. அவ்வதிகாரம் ‘முதல்மொழி’, ‘தாய்மொழி’, ‘மொழிபெயர்ப்பு’ என்னும் நடுநிலையான கலைச்சொற்களின் பின்னே மறைந்து நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

2. ஒரு சொல், நான்கு பொருள்

மொழியியலில் முதல்மொழி என்பது குழந்தை இயல்பாக முதலில் ஈட்டிக்கொள்ளும் மொழியைக் குறிக்கும். இங்கு முதன்மை என்பது காலத்தைப் பற்றியது. இருமொழிச் சூழலில் வளரும் குழந்தைக்கு இரு முதல்மொழிகள் அமைதலும் உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவ்விடத்தில் ‘தாய்மொழி’ என்னும் சொல்லை ஆள்கிறது. ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே அவரது தாய்மொழி. தாய் முன்னரே இறந்திருப்பின், அப்பருவத்தில் வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி தாய்மொழியாகக் கொள்ளப்படும். இது வரலாற்றுச் செய்தியைக் கேட்கும் வரையறை ஆகும்.

மூன்றாவது வரையறை நீதிமன்றம் தந்தது. தொடக்கப் பள்ளிகளின் பயிற்றுமொழி குறித்துக் கர்நாடக அரசு தொடுத்த மேல்முறையீட்டில், 2014 மே 6 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அடங்கிய அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தாய்மொழி என்பதன் பொருள் யாது, அதை முடிவு செய்ய வேண்டியவர் யார் என்னும் வினாக்கள் அவ்வமர்வின் முன் வைக்கப்பட்டிருந்தன. குழந்தையின் தாய்மொழி எதுவென முடிவு செய்பவர் பெற்றோர் அல்லது பாதுகாவலரே என்று அத்தீர்ப்பு கூறிற்று. ஈட்டத்தாலும் பிறப்பாலும் அமைவதாகக் கருதப்பட்ட ஒன்று, சட்டத்தின் முன் தெரிவால் அமைவதாயிற்று. அரசின் திணிப்பிலிருந்து பெற்றோரைக் காக்கும் நோக்கில் இத்தீர்ப்பைப் புரிந்துகொள்ளலாம். எனினும் தாய்மொழி என்னும் சொல் அங்குத் தன் மொழியியற் பொருளை இழந்துவிட்டது என்பதை மறுத்தற்கில்லை.

நான்காவது வரையறை தேர்வு வாரியத்தினுடையது. கர்நாடகத்தின் பள்ளியிறுதித் தேர்வில் முதல்மொழிக்கு 125 மதிப்பெண்ணும், பிற மொழிகளுக்கும் பாடங்களுக்கும் தலா 100 மதிப்பெண்ணும் ஆக மொத்தம் 625 என்னும் பகிர்வு பல்லாண்டுகளாக நிலவி வந்தது. முதல்மொழியாகக் கொள்ளத்தக்கவற்றின் பட்டியலில் கன்னடம், தமிழ், தெலுங்கு, மராத்தி, இந்தி, உருது ஆகியவற்றோடு ஆங்கிலமும் சமற்கிருதமும் இடம்பெற்றன. சமற்கிருதத்தைத் தொட்டிலில் கேட்டு வளர்ந்த குழந்தைகள் மிகச் சிலரே. ஆதலின் இப்பட்டியலில் ‘முதல்’ என்பது ஈட்டத்தின் வரிசையைச் சுட்டவில்லை என்பது வெளிப்படை. மிகுதியான மதிப்பெண்ணுக்கு உரிய மொழி என்பதே அதன் நடைமுறைப் பொருள்.

இச்சொல்லின் இரட்டைத் தன்மை திராவிட மொழிகளில் மேலும் கூர்மை பெறுகிறது. கன்னடத்தில் இது ‘பிரதம பாஷெ’ எனப்படும். பிரதம என்பது வரிசையில் முதலாவதையும் குறிக்கும், தலைமையையும் குறிக்கும். தமிழில் ‘முதல்’ என்பதற்குத் தொடக்கம், காரணம், மூலதனம், தலைமை எனப் பொருள்கள் விரியும். ஆகவே ‘இரண்டாம் மொழி’ என்று ஒரு படிவத்தில் குறிக்கப்படும் மொழியின் பேச்சாளர், அதை வெறும் எண் வரிசையாகப் படிப்பதில்லை. தகுதிக் குறைவாகவே படிக்கிறார். பாடநூற் பட்டியலின் எண் மக்கள் மனத்தில் உரிமைப் போராட்டத்தின் சொல்லாக மாறியதற்கு இச்சொற்பொருள் மயக்கமும் ஒரு காரணம் எனலாம்.

தேர்வைக் குறிக்கும் சொற்களும் இவண் கருதத்தக்கவை. தமிழ்நாட்டில் ‘தேர்வு’ என்பதும், இலங்கையில் ‘பரீட்சை’ என்பதும் அலுவல் வழக்காக உள்ளன. பரீட்சை என்பது ஆராய்ந்து பார்த்தலைக் குறிக்கும். தேர்வு என்பதோ ஆராய்தலோடு தெரிந்தெடுத்தலையும் குறிக்கும். ‘தேர்ச்சி’ என்னும் சொல் திறமையையும் குறிக்கிறது. குறித்த மதிப்பெண்ணைப் பெற்று வென்றதையும் குறிக்கிறது. திறமையை அளப்பதும் ஆளைத் தெரிந்தெடுப்பதும் வெவ்வேறு செயல்கள். இரண்டிற்கும் தமிழ் ஒரே சொல்லைக் கொண்டிருப்பதால், தெரிந்தெடுக்கப்படாதவர் திறமையற்றவர் என்னும் கருத்து எளிதில் உள்நுழைந்துவிடுகிறது.

3. கோகாக் அறிக்கையும் 150 மதிப்பெண்ணும்

தேர்வில் மொழிக்கு வழங்கப்படும் மதிப்பெண் ஒரு மாநிலத்தின் அரசியலையே அசைக்க வல்லது என்பதற்குக் கர்நாடகத்தின் கோகாக் கிளர்ச்சியைவிடத் தெளிவான சான்று காண்டல் அரிது. உயர்நிலைப் பள்ளியில் சமற்கிருதம் முதல்மொழியாக இருப்பது பொருந்துமா என்னும் விவாதத்தின் தொடர்ச்சியாக, 1980-இல் கன்னட எழுத்தாளரும் ஆங்கிலப் பேராசிரியருமான வி. கி. கோகாக் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கன்னடத்தைப் படிக்காமலேயே கர்நாடகத்தில் பள்ளிக்கல்வியை முடித்துவிடலாம் என்னும் நிலை அப்போது இருந்தது. அதிக மதிப்பெண் பெறலாம் என்பதற்காகவே சமற்கிருதத்தைத் தெரிவு செய்தல் பரவலாகக் காணப்பட்டது. தேர்வின் அமைப்பே மொழித் தெரிவை முடிவு செய்த நிலை இது.

1981 சனவரியில் அளிக்கப்பட்ட குழுவின் அறிக்கை, உயர்நிலைப் பள்ளியில் கன்னடம் ஒன்றே முதல்மொழியாக இருத்தல் வேண்டும் என்றும், அதற்கு 150 மதிப்பெண் ஒதுக்கப்பட வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அரசு தயங்கியது. கன்னட எழுத்தாளர்களும் மாணவர்களும் தொடங்கிய கிளர்ச்சி, 1982-இல் நடிகர் இராஜ்குமார் தலைமையேற்றதும் மக்கள் இயக்கமாக வளர்ந்தது. அவ்வாண்டு சூலையில், கன்னடத்தை ஒரே முதல்மொழியாக்கும் ஆணை பிறந்தது.

இவ்வியக்கத்தின் நியாயத்தைத் தமிழ் வாசகர் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தம் மாநிலத்தின் தலைநகரிலேயே தம் மொழிக்குப் பயனில்லாமற் போகிறது என்னும் கன்னடர்களின் வருத்தம் உண்மையானது. ஆயின் அவ்வருத்தத்திற்குக் கிளர்ச்சியின் மையக் கோரிக்கை தந்த வடிவம் கருதத்தக்கது. கன்னடத்தைப் பிறமொழிக் குழந்தைகளுக்கு எம்முறையில் கற்பிப்பது, அதற்குரிய பாடநூல்கள் எவை, ஆசிரியர்க்குத் தேவைப்படும் பயிற்சி யாது என்னும் வினாக்களைக் காட்டிலும், எத்தனை மதிப்பெண் என்னும் வினாவே தெருவில் முழங்கிற்று. மொழிப் பயன்பாட்டின் ஒட்டுமொத்தச் சிக்கலும் ஒரு வினாத்தாளின் மதிப்பெண்ணாகச் சுருங்கியது. எதிர்த்தோரும் அதே அளவுகோலைக் கொண்டே எதிர்த்தனர்.

மொழிச் சிறுபான்மையினர் தொடுத்த வழக்கில் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 1989 சனவரியில் அவ்வாணையைச் செல்லாதென அறிவித்தது. சமத்துவத்தையும் சிறுபான்மையினர் உரிமைகளையும் காக்கும் அரசியல் சாசனப் பிரிவுகள் அங்கு ஆராயப்பட்டன. அதே ஆண்டில் அரசு வெளியிட்ட திருத்திய ஆணையில் முதல்மொழித் தெரிவு மீண்டும் விரிவாக்கப்பட்டது. அவ்வாணையை உச்சநீதிமன்றம் 1993 திசம்பரில் ஏற்றது. இன்னொரு தலைமுறைக்குப் பின், 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தை முதல்மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கட்டாயம் கற்பிக்க வழிசெய்தது. ‘ஒரே முதல்மொழி’ என்பதிலிருந்து ‘முதல் அல்லது இரண்டாம் மொழி’ என்பதற்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின.

பொம்மசந்திரா போன்ற ஊரில் வாழும் தமிழ்க் குடும்பத்தின் நிலையிலிருந்து இதைக் காணலாம். 1982-ஆம் ஆண்டின் ஆணை நிலைத்திருப்பின், அக்குடும்பத்துக் குழந்தை தமிழை இரண்டாமிடத்தில் மட்டுமே படித்திருக்க இயலும். ஆணை நீங்கியபின் தமிழை முதல்மொழியாகக் கொள்ளும் உரிமை கிட்டிற்று. ஆனால் உரிமை இருக்குமிடத்தில் எல்லாம் தமிழாசிரியர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பள்ளியில் கற்பிக்கப்படாத மொழியைத் தேர்வுப் பட்டியல் அனுமதிப்பது ஏட்டளவு உரிமையே. மேற்படிப்புக்கும் வேலைக்கும் அதே மாநிலத்தை நம்பியிருக்கும் பெற்றோர், கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ முதல்மொழியாகக் குறிப்பதில் வியப்பில்லை. இத்தெரிவைத் தாய்மொழிப் பற்றின் குறைவாகக் கொள்ளாமல், தேர்வு அமைத்துத் தந்த பாதையில் நடக்கும் முன்னறிவாகக் கொள்ளுதலே பொருந்தும்.

4. எல்லையின் மறுபுறம்

அதே நெடுஞ்சாலையில் தெற்கே சென்று தமிழ்நாட்டிற்குள் நுழைந்தால், பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டம், 2006, முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. 2006-07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கிய இம்முறை 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. ஓசூர் வட்டாரத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளின் மாணவர்கள் முதன்முறையாகத் தமிழ்த்தாளை எழுத வேண்டிய கட்டம் அது.

கர்நாடகம் மொழிகளுக்கு எண்ணிட்டதென்றால், தமிழ்நாடு பாடத்திட்டத்தின் பகுதிகளுக்கு எண்ணிட்டது. முதற்பகுதி தமிழ், இரண்டாம் பகுதி ஆங்கிலம், மூன்றாம் பகுதி கணிதம், அறிவியல் முதலிய பிற பாடங்கள். இவ்விரு மொழிகளையும் தாய்மொழியாகக் கொள்ளாதவர் விரும்பினால் தம் தாய்மொழியை நான்காம் பகுதியில் படிக்கலாம். ‘இரண்டாம் மொழி’ என்னும் உறுத்தும் சொல் இவ்வமைப்பில் இல்லை. ஆயினும் ‘விருப்பப் பாடம்’ என்னும் மென்மையான பெயரின் கீழ், சிறுபான்மை மாணவனின் தாய்மொழி தேர்ச்சிக் கணக்கிற்கு வெளியே வைக்கப்பட்டது. எண்ணப்படாத பாடத்தை மாணவனும் பள்ளியும் எவ்வளவு காலம் ஊன்றிப் படிப்பர் என்பது எளிதில் ஊகிக்கத்தக்கதே.

சிறுபான்மைப் பள்ளிகள் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடி ஆண்டுதோறும் விலக்குப் பெறும் நிலை ஏற்பட்டது. தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர்கள் அமர்த்தப்படவில்லை என்பது அவற்றின் முறையீடுகளில் ஒன்று. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அவ்வாண்டுத் தேர்வுக்கு விலக்கை நீட்டித்தது. கற்பித்தலுக்கான ஏற்பாடு நிறைவுறும் முன்னரே தேர்வு வந்து நின்றது என்பதே இவ்வழக்குகளின் சாரம்.

இவ்விடத்தில் தமிழ் ஆய்வுலகம் தன்னையே வினவிக்கொள்ள வேண்டிய கடமை உண்டு. பெங்களூருத் தமிழ்க் குழந்தைக்குக் கன்னடம் ஒன்றே முதல்மொழி என்றபோது அது சிறுபான்மையினர் உரிமைக்கு ஊறு எனத் தமிழ் எழுத்துலகில் சரியாகவே சுட்டப்பட்டது. ஓசூர்த் தெலுங்குக் குழந்தைக்குத் தமிழ் முதற்பகுதி என்றபோது அதே குரல் தாழ்ந்தது. இரு மாநிலங்களின் சூழலும் முற்றும் ஒன்றன்று. ஒரு மாநிலத்தில் வாழ்வோர் அம்மாநில மொழியைக் கற்றல் அவர்களுக்கே நன்மை பயக்கும் என்பதும் உண்மை. ஆனால் அந்த உண்மை அத்திப்பள்ளி எல்லையின் இரு பக்கத்திற்கும் பொதுவானது. வடக்கே பொருந்தும் வாதம் தெற்கே பொருந்தாதெனின், அது மொழியியலின் வாதமாகாது. பெரும்பான்மையின் வாதமாகவே அமையும்.

கற்றலையும் தேர்ச்சியையும் பிரித்து நோக்கினால் இம்முரண் தீரும். மாநில மொழியை எல்லாரும் கற்க வேண்டும் என்பது கல்விக் கொள்கை. அம்மொழியில் குறித்த மதிப்பெண் பெறாதவர் பள்ளிச் சான்றிதழையே இழப்பர் என்பது தண்டனை விதி. முன்னதை ஏற்போர் பின்னதையும் ஏற்றே ஆக வேண்டும் என்னும் கட்டாயமில்லை.

5. சமன்படுத்தலின் பாடம்: இலங்கை

மதிப்பெண்ணை மொழிவாரியாகக் கையாண்டதன் விளைவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை இலங்கை காட்டிற்று. அங்குப் பல்கலைக்கழக நுழைவுக்கான பரீட்சையைச் சிங்களவழி மாணவர்களும் தமிழ்வழி மாணவர்களும் தத்தம் மொழியில் எழுதினர். 1970-71 சேர்க்கையின்போது பேராதனையில் மருத்துவக் கல்விக்குச் சிங்களவழி மாணவர்க்கு 229 என்றும் தமிழ்வழி மாணவர்க்கு 250 என்றும், பொறியியலுக்கு முறையே 227, 250 என்றும் தகுதி மதிப்பெண்கள் வகுக்கப்பட்டன. தமிழ்த் தேர்வாளர்கள் தாராளமாக மதிப்பெண் இடுகின்றனர் என்னும் ஐயம் அந்நாளில் எழுப்பப்பட்டது. 1973-இல் ‘தரப்படுத்தல்’ என்னும் பெயரில் மொழிவாரிச் சமன்பாடு முறையாகப் புகுத்தப்பட்டது. அடுத்த ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. இம்முறைகள் 1970-களின் பிற்பகுதியில் திருத்தப்பட்டன. எனினும் அதற்குள் யாழ்ப்பாணத்து இளைஞர் அரசியலில் அவை விளைத்த கசப்பு ஆழ வேரூன்றிவிட்டது.

தரப்படுத்தலின் அளவீட்டுத் தருக்கம் மொழியியலார் கவனத்திற்குரியது. இரு மொழிகளில் எழுதப்பட்ட தாள்களின் மதிப்பெண்களைப் பொது அளவுகோலுக்கு மாற்றி, ஒவ்வொரு மொழியிலும் பரீட்சை எழுதியோர் தொகைக்கேற்பத் தெரிவு பெறுவோர் தொகை அமையுமாறு அது செய்தது. இம்முறையில் ஓர் எடுகோள் உள்ளது. இரு மொழிக் குழுவினரும் சராசரித் திறனில் ஒத்தவர். மதிப்பெண்ணில் வேற்றுமை தோன்றின் அது தேர்வுத்தாளாலோ திருத்துவோராலோ வந்தது என்பதே அது. இதை மெய்ப்பிக்காமலேயே முறை நடைமுறைக்கு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் மாணவர்க்கு வாய்ப்பளித்தல் நேரிய நோக்கமே. ஆனால் மொழியைத் தகுதியின் அலகாகக் கொண்டமையால், வாய்ப்பின் வேற்றுமை இனத்தின் வேற்றுமையாக உருமாறியது. ‘தரப்படுத்தல்’ என்னும் கலைச்சொல் இலங்கைத் தமிழில் இன்றும் புள்ளியியற் சொல்லாக மட்டும் ஒலிப்பதில்லை.

6. மொழிபெயர்க்கப்பட்ட வினாத்தாள்: 2018

இலங்கை முறைக்கு நேர்மாறான எடுகோளை இந்தியாவின் மருத்துவ நுழைவுத் தேர்வு கொண்டுள்ளது. எல்லா மொழித் தாள்களும் சமமானவை என அது தொடக்கத்திலேயே கொண்டுவிடுகிறது. மூலம் ஆங்கிலம், ஏனைய மொழிகளில் வருவன மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி.

2018 மே 6 அன்று நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் நடத்திய நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில், 180 வினாக்களுள் 49 வினாக்கள் பிழையுடையன என உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் டி. கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சூலை 10 அன்று நீதிமன்றம், தமிழில் தேர்வெழுதியோர்க்கு வினா ஒன்றுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க ஆணையிட்டது. மொத்த மதிப்பெண் 720 என்பதை நோக்க, இது நான்கில் ஒரு பங்கிற்கும் மேலாகும். பத்து நாள்களில் உச்சநீதிமன்றம் இவ்வாணையை நிறுத்திவைத்தது; நவம்பரில் தள்ளுபடி செய்தது.

196 மதிப்பெண் என்னும் தீர்வு அளவீட்டியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று. பிழையான வினாவுக்குச் சரியான விடை எழுதியவர்க்கும் எழுதாதவர்க்கும் அது ஒரே நிறை வைத்தது. பொருளை முற்றும் சிதைத்த பிழையையும், பொருளைப் பாதிக்காத எழுத்துப் பிழையையும் அது வேறுபடுத்தவில்லை. ஆனால் அவ்வாணையை நீக்கியதோடு விடயம் முடிந்தது என்பதும் ஏற்கத்தக்கதன்று. தேர்வரின் கையிலிருந்த தாளில் ஆங்கில வடிவமும் அச்சிடப்பட்டிருந்தமையால் அதைப் பார்த்துத் தெளிந்திருக்கலாம் என்னும் வாதம் ஆராயத்தக்கது. ஆங்கிலத்தைப் படித்துத் தெளியக்கூடியவர்க்குத் தமிழ்த்தாள் தேவையில்லை. தேவைப்படுவோர்க்கு அவ்வழி பயனில்லை. விதி இவ்வாறு அமையும்போது, தமிழ்த்தாள் என்பது ஆங்கிலத்தாளுக்கு எழுதப்பட்ட உரையாகிவிடுகிறது. அதைத் தேர்வுக் கருவி எனல் இயலாது.

பிழையின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சிவிங்கிப்புலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பெயர்க்கப்படாது ‘சீத்தா’ என ஒலிபெயர்க்கப்பட்டது அன்றைய செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது. தமிழ் மாணவனுக்குச் சீத்தா என்பது பழத்தின் பெயர். விலங்கினப் பட்டியலில் அச்சொல்லைக் கண்டு அவன் திகைப்பது இயல்பே. அங்குச் ‘சிறுத்தை’ என்று இருந்திருக்க வேண்டும் எனத் திருத்தம் கூறப்பட்டது. ஆனால் இயற்கை ஆர்வலர் வழக்கில் சிறுத்தை என்பது வேறொரு விலங்கு. உடலில் வளையப் புள்ளிகளுடன் இந்தியக் காடுகளில் இன்றும் வாழ்வது. சிவிங்கிப்புலியோ இந்தியாவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அற்றுப்போய், 2022-இல் ஆப்பிரிக்காவிலிருந்து மீண்டும் கொணரப்பட்டது. ஆகவே பிழையும் பிழை, திருத்தமும் ஐயத்திற்குரியது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? வினாத்தாள் மொழிபெயர்ப்பில் ‘சரியான சொல்’ என்பதை அகராதி மட்டும் முடிவு செய்ய இயலாது. மாணவன் எந்தப் பாடநூலைப் படித்தானோ அந்நூல் ஆண்ட சொல்லே தேர்வில் அவனுக்குச் சரியான சொல். அச்சொல் குறையுடையதாயின் பாடநூலில் திருத்தப்பட வேண்டும். தேர்வு அறையில் திருத்தப்படலாகாது. கதையை மொழிபெயர்ப்பவர் தவறினால் வாசகர் ஒரு நயத்தை இழப்பார். வினாவை மொழிபெயர்ப்பவர் தவறினால் ஒரு மாணவன் மருத்துவக் கல்லூரி இடத்தை இழக்கக்கூடும். இத்துணைப் பொறுப்புடைய பணி பெரும்பாலும் பெயரறியாதவர் செய்யும் பணியாக, திறனாய்வுக்கு உட்படாத பணியாக உள்ளது. மொழிபெயர்ப்பியல் இலக்கியப் பெயர்ப்புகளைப் பற்றி எழுதியதில் சிறு பகுதியைக்கூட வினாத்தாள்களைப் பற்றி எழுதியதாகத் தெரியவில்லை.

7. செய்யத்தக்கன

மேற்கண்ட வழக்குகள் நான்கிலும் பொதுவாக ஒரு போக்கைக் காணலாம். கற்பித்தலில் தீர்க்கப்பட வேண்டிய சிக்கல், தேர்வில் தீர்க்கப்படுவதாக எண்ணப்பட்டது. மொழியின் பெருமைக்கும், சிறுபான்மையின் காப்பிற்கும், வாய்ப்பின் சமத்துவத்திற்கும் மதிப்பெண்ணே நாணயமாயிற்று. நாணயம் எந்த மொழியின் பெயரால் அச்சிடப்பட்டாலும், அதைச் சம்பாதிக்க இயலாதவர் பள்ளியின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்போரே.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இதில் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, கலைச்சொற்களைத் தூய்மை செய்தல். தேர்வு விதிகளில் ‘முதல்மொழி’ என்பதற்கு மாற்றாக, அம்மொழி வகிக்கும் பணியைச் சுட்டும் சொற்கள் வேண்டும்: வீட்டுமொழி, மாநிலப் பொதுமொழி, பயிற்றுமொழி என்றாற்போல. இவற்றில் ஏற்றத்தாழ்வின் நிழல் குறைவு.

இரண்டாவது, பன்மொழி வினாத்தாள்களை மூலமும் பெயர்ப்பும் என அமைக்காது, இணைமூலங்களாக அமைத்தல். வினாவை ஆக்குங்காலத்திலேயே இரு மொழியினரும் உடனிருந்தால், பெயர்க்கவியலாத வினாக்கள் தொடக்கத்திலேயே நீங்கும். தமிழ் வடிவத்தைத் தமிழ்வழி ஆசிரியர் ஒருவர் ஆங்கில வடிவத்தைப் பாராமல் படித்து விடை காணும் சோதனை, பெருஞ்செலவின்றிப் பல பிழைகளை வெளிக்கொணரும். ஒரு மொழியின் தாளில் மட்டும் வினா சிதைந்திருப்பின், அவ்வினாவை எல்லா மொழிகளின் கணக்கிலிருந்தும் நீக்குதலே நேர்மை.

மூன்றாவது, கற்பித்த பின்னரே தேர்வு என்னும் ஒழுங்கு. ஒரு மொழியைக் கட்டாயமாக்கும் ஆணை, அம்மொழிக்கான ஆசிரியர் எத்தனை பள்ளிகளில் உள்ளனர் என்னும் கணக்கோடு சேர்ந்தே வெளிவர வேண்டும். அக்கணக்கு இல்லாத ஆணை, பள்ளியின் குறைக்குக் குழந்தையைத் தண்டிக்கிறது.

8. முடிவுரை

1956-இல் அரசியல் சாசனத்தில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கு வசதி செய்தல் ஒவ்வொரு மாநிலத்தின் கடமை எனக் கூறுகிறது. அப்பிரிவு எழுதப்பட்ட நாளில் கருதப்பட்ட சிறுபான்மையினர் பெரும்பாலும் எல்லைப்புறத்து மக்கள்: ஓசூரின் கன்னடர், பெங்களூரின் தமிழர் போன்றோர். அவர்கள் தமக்கென இயக்கங்களை அமைத்தனர், நீதிமன்றங்களை நாடினர், பட்டியலில் தம் மொழிக்கு இடம் பெற்றனர்.

பொம்மசந்திராவின் தொழிற்கூடங்களுக்கு இன்று வந்து சேரும் ஒடியா, வங்காளத் தொழிலாளரின் குழந்தைகளுக்கு முன்னர்க் கூறிய முதல்மொழிப் பட்டியலில் இடமே இல்லை. அக்குழந்தை தான் முன்னர் அறியாத ஏதேனும் ஒரு மொழியைப் படிவத்தில் ‘முதல்மொழி’ எனக் குறித்தாக வேண்டும். தம் மொழி முதலாவதா இரண்டாவதா எனக் கன்னடரும் தமிழரும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வந்துள்ளனர். அவ்வழக்கின் ஓரத்தில், வீட்டுமொழி எந்தப் பகுதியிலும் எண்ணப்படாத மாணவன் ஒருவன் அமைதியாகத் தேர்வெழுதிக்கொண்டிருக்கிறான். அவனுடைய விடைத்தாளைத் திருத்தும்போது அளக்கப்படுவது எது என்னும் வினாவுக்கு விடை காண்பதே, இத்துறையில் இனி நிகழும் ஆய்வின் முதற்பணியாதல் வேண்டும்.